ஒன்பது மாதக் குழந்தைக்கு வீட்டுச் சாப்பாடு: எப்போது, எப்படி?

ஒரு தாயின் கடிதம் வந்திருக்கிறது. அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

நிறைமாதத்தில் 2.8 கிலோ எடையுடன் பிறந்த அவருடைய மகளுக்கு இப்போது ஒன்பது மாதம் முடிகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்கிறார். அதன் பிறகு அரிசியையும் காய்கறிகளையும் வேகவைத்து மிக்சியில் கூழாக அரைத்துக் கொடுத்து வருகிறார். வேலைக்குச் செல்ல வேண்டியிருப்பதால் காலையிலேயே அரைத்து ஃப்ளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுகிறார்; மாலை வரை மாமியார் அதை ஊட்டுகிறார். கடந்த ஒரு மாதமாகக் குழந்தை கூழைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வதால் கைபேசியில் படம் காட்டித்தான் ஊட்ட முடிகிறது. அதே குழந்தை பெரியவர்களின் தட்டை எட்டிப் பிடிக்கிறது. வீட்டுச் சாப்பாட்டையே பிசைந்து கொடுக்கலாம், உப்பு இல்லாததால்தான் குழந்தை சாப்பிடவில்லை என்கிறார் மாமியார். சில நாட்களாகக் கூழில் தேனும் சேர்க்கிறார், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தும் கொடுக்கிறார். ஒருமுறை சோற்றுப் பருக்கை தொண்டையில் பட்டுக் குழந்தை ஓங்கரித்து வாந்தி எடுத்ததிலிருந்து, பல் முளைக்கும் வரை எதையும் அரைக்காமல் கொடுக்கக்கூடாது என்று கணவர் உறுதியாக இருக்கிறார். முட்டை, மீன், நிலக்கடலை மூன்றும் வீட்டில் சமைக்கப்பட்டாலும், கணவருக்கு ஆஸ்துமா இருப்பதால் ஒவ்வாமைக்கு அஞ்சிக் குழந்தைக்கு ஒரு வயது வரை தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆறாம் மாதத்தில் 6.9 கிலோவாக இருந்த எடை இப்போது 7.7 கிலோதான் என்பது தாயின் பெரிய கவலை.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள் பலவாக இருந்தாலும், வீட்டுச் சாப்பாட்டைக் கொடுத்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற ஒரே பயம்தான் அவற்றின் அடியில் இருக்கிறது. அந்தப் பயம் இயல்பானது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை அளித்தவை நீங்கள் அஞ்சும் இடங்கள் அல்ல. தேன், ஃப்ளாஸ்க், இரும்புச்சத்து இல்லாத கூழ் ஆகிய மூன்றும்தான் உடனே கவனிக்கப்பட வேண்டியவை. உங்கள் மகள் வீட்டுச் சாப்பாட்டுக்குத் தயாராக இருக்கிறாள். கூழை மறுத்துவிட்டு உங்கள் தட்டை எட்டிப் பிடிப்பதன் மூலம் அவள் அதைத்தான் உங்களுக்குத் தெரிவிக்கிறாள்.

முதலில் எடை. உலக சுகாதார அமைப்பு 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையின்படி, பெண் குழந்தையின் நடு அளவு ஆறாம் மாதத்தில் 7.3 கிலோ, ஒன்பதாம் மாதத்தில் 8.2 கிலோ. அதாவது அந்த மூன்று மாதங்களில் 900 கிராம்தான் கூடுகிறது. உங்கள் மகளுக்கு 800 கிராம் கூடியிருக்கிறது. முதல் ஆறு மாதங்களில் இருந்த வேகம் எல்லாக் குழந்தைகளுக்கும் குறையும் காலம் இது. தவழவும் எழுந்து நிற்கவும் முயலும் வயதில் கன்னம் சற்று வற்றுவதும் இயல்பே. அவள் தன்னுடைய கோட்டிலேயே வளர்கிறாள். எடைக்காக வலிந்து ஊட்ட வேண்டிய தேவை இல்லை.

கூழ் ஏன் போதாது

குழந்தையின் இரைப்பை, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 30 மில்லி லிட்டர் கொள்ளும். உங்கள் மகளுக்கு அது ஏறத்தாழ 230 மில்லி, ஒரு டம்ளர் அளவு. அந்தச் சிறிய இடத்தைத் தண்ணீர் நிறைந்த கூழால் நிரப்பிவிட்டால் வயிறு நிறையுமே தவிர, தேவையான சக்தி கிடைக்காது. தாய்ப்பால் குடிக்கும் ஒன்பது முதல் பதினொரு மாதக் குழந்தைக்கு மற்ற உணவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 300 கலோரி தேவைப்படுகிறது. மிக்சியில் அரைக்கும்போது அது சுழல்வதற்காகவே தண்ணீர் சேர்க்கிறோம். அதே சோற்றையும் பருப்பையும் கையால் மசித்தால் தண்ணீர் தேவைப்படுவதில்லை. கரண்டியில் எடுத்துச் சரித்தால் வழிந்து ஓடாமல் நிற்கும் பதம்தான் சரியான பதம். அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ கலந்தால், அளவு கூடாமல் சக்தி கூடும்.

இரும்புச்சத்து இதைவிட முக்கியமானது. நிறைமாதக் குழந்தை பிறக்கும்போது உடலில் சேமித்துக்கொண்டு வரும் இரும்பு, ஏறக்குறைய ஆறு மாதம் வரை தாங்கும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உட்கிரகிக்கப்படும் என்றாலும் அதன் அளவு மிகக் குறைவு. ஏழாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. அமெரிக்கப் பரிந்துரையின்படி இது வளர்ந்த ஆண் ஒருவருக்கான அளவைவிட அதிகம். அரிசியும் கேரட்டும் உருளைக்கிழங்கும் மட்டும் அரைத்த கூழில் இது கிடைக்கவே கிடைக்காது. மூளை வேகமாக வளரும் பருவத்தில் இரும்பு குறைந்தால் அதன் பாதிப்பு பின்னாளில் முழுவதும் ஈடாவதில்லை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, பயறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும் அவள் உணவில் இருக்க வேண்டும். பருப்பு, பயறு கொடுக்கும் வேளையில் எலுமிச்சைச் சாறு சில சொட்டுகளோ தக்காளியோ ஆரஞ்சுச் சுளையோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்பு கூடுதலாக உடலில் சேரும். தேநீர் அதற்கு நேர்மாறாக இரும்பு சேர்வதைத் தடுக்கிறது. ஆகவே தேநீரில் நனைத்த பிஸ்கட்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஓங்கரிப்பும் மூச்சடைப்பும் ஒன்றல்ல

உங்கள் கணவரின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. தன் கண்ணெதிரே குழந்தை முகம் சிவந்து வாந்தி எடுப்பதைப் பார்த்த எந்தத் தந்தையும் அப்படித்தான் முடிவெடுப்பார். ஆனால் அன்று நடந்தது மூச்சடைப்பு அல்ல. குழந்தைகளுக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் பெரியவர்களுக்கு இருப்பதைவிட நாக்கின் முன்புறத்தில் இருக்கிறது. மெல்லப்படாத துண்டு பின்னால் நகரும்போது, அது தொண்டைக்குள் போய்விடாமல் உடல் அதை வெளியே தள்ளுகிறது. அப்போது சத்தம் வரும், இருமல் வரும், கண்ணில் நீர் வரும், முகம் சிவக்கும், சில சமயம் வாந்தியும் வரும். இது குழந்தையைக் காக்கும் ஏற்பாடு. கரடுமுரடான உணவு பழகப் பழக இந்த ஓங்கரிப்பும் குறைந்துகொண்டே போகும்.

மூச்சடைப்பு பெரும்பாலும் சத்தமில்லாதது. குழந்தையால் அழவோ இருமவோ முடியாது. உதடு நீலம் பாயும். அந்த நிலையில் வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவக்கூடாது. அது துண்டை இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் குப்புறப் படுக்க வைத்துத் தாங்கி, தோள்பட்டைகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் நிமிர்த்தி, மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு விலகும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், இன்னொருவர் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். நீங்கள், கணவர், மாமியார் மூவரும் இதை ஒரு முதலுதவிப் பயிற்சியில் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அரைப்பதைவிட இது குழந்தைக்கு மேலான பாதுகாப்பு.

ஆபத்து உணவின் தன்மையில்தான் இருக்கிறது. முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட், பாப்கார்ன், கடின மிட்டாய், வட்டமாக நறுக்கிய சாசேஜ் ஆகியவைதான் சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைப்பவை. இவற்றை இப்போது கொடுக்கவே கூடாது. முழுக் கொட்டைகளை ஐந்து வயது வரை தவிர்ப்பது நல்லது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தினால் நசுங்கும் எதையும் அவளுடைய ஈறு நசுக்கிவிடும். கடைவாய்ப் பற்கள் முளைக்கவே பெரும்பாலும் ஒரு வயதுக்கு மேல் ஆகிவிடும் என்பதால், பல்லுக்காகக் காத்திருந்தால் மெல்லப் பழகும் பருவம் கடந்துவிடும். கட்டியான உணவைப் பத்து மாதத்துக்குப் பிறகே தொடங்கிய குழந்தைகளிடம் உணவை மறுப்பதும் சாப்பாட்டுத் தொல்லைகளும் பின்னாளில் அதிகம் என்று இங்கிலாந்தில் பல்லாயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் தள்ளிப்போட நேரம் இல்லை.

அவள் எப்போதும் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தபடியே சாப்பிட வேண்டும். தவழும்போதும் படுத்திருக்கும்போதும் வாயில் எதுவும் வேண்டாம். சாப்பிடும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவரின் பார்வை அவள் மேல் இருக்க வேண்டும்.

உப்பும் தேனும்

மாமியார் சொல்வதில் பாதி மிகவும் சரி. வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே பிசைந்து கொடுக்கலாம் என்று நீங்கள் தயங்கிய நேரத்தில் சொன்னவர் அவர்தான். அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அடுத்த பாதியைப் பேசுவது எளிதாகிவிடும்.

ஒரு வயது வரை குழந்தைக்கு ஒரு நாளில் 1 கிராமுக்கும் குறைவான உப்பே போதும். மட்டமாக அளந்த ஒரு தேக்கரண்டியில் 5 முதல் 6 கிராம் உப்பு இருக்கிறது. பாலிலும் மற்ற உணவுகளிலும் இயல்பாக உள்ள சோடியமே அவள் தேவையை நிறைவு செய்துவிடும். உப்பில்லாததால் அவள் சாப்பிடவில்லை என்ற எண்ணம், நம்முடைய நாக்கை அவளுக்கு வைத்துப் பார்ப்பதால் வருவது. உப்பின் சுவையே பழகாத குழந்தைக்கு அது இல்லை என்ற குறை தெரியாது. கடைகளில் விற்கும் பாக்கெட் நொறுக்குத் தீனிகளும் சூப் பொடிகளும் உப்பை மறைமுகமாகக் கொண்டுவருபவை என்பதால் அவற்றையும் விலக்குங்கள். சர்க்கரையை இரண்டு வயது வரை சேர்க்க வேண்டாம். பழத்தைச் சாறாக்காமல் பழமாகவே கொடுங்கள்.

உப்பு வேண்டாம் என்றால் சப்பென்று கொடுக்க வேண்டும் என்று பொருளல்ல. பூண்டு, சீரகம், இஞ்சி, மல்லித்தழை போன்றவற்றின் மணம் குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. தாய் சாப்பிடும் உணவின் மணம் கருவறை நீர் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் குழந்தையை எட்டுகிறது. கர்ப்பத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், கேரட் சுவையுள்ள உணவைக் குழந்தை எளிதாக ஏற்கிறது என்று 2001 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் சமையலின் வாசனை அவளுக்கு முன்பே அறிமுகமானது. மிளகாயின் காரம் மட்டும் இப்போது வேண்டாம்.

தேன் விஷயத்தில் சமரசம் இல்லை. ஒரு வயதுக்கு முன் தேன், ஒரு சொட்டு அளவில்கூட, கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் முதிராத குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கின்றன. தேன் தூய்மையானதா என்பதும், அதைச் சூடாக்கினோமா என்பதும் இதை மாற்றாது. வீட்டு அடுப்பின் சூட்டில் அந்த வித்துகள் அழிவதில்லை. இந்நோய் அரிது, ஆனால் வந்தால் கடுமையானது. ஏற்கெனவே கொடுத்துவிட்டதால், கடைசியாகத் தேன் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குக் கவனமாக இருங்கள். திடீரென மலச்சிக்கல், பலவீனமான அழுகை, பால் உறிஞ்ச முடியாமை, இமை தொங்குதல், கழுத்து தளர்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேன் கொடுத்ததையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.

முட்டை, மீன், நிலக்கடலை

ஒவ்வாமை தரக்கூடிய உணவுகளைத் தள்ளிப்போட வேண்டும் என்பது முன்பு மருத்துவர்களே சொன்ன ஆலோசனைதான். அது இப்போது மாறிவிட்டது. ஒவ்வாமைக்கான வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்து நடத்தப்பட்டு 2015 இல் முடிவு வெளியான லீப் ஆய்வில், முதல் ஆண்டிலேயே நிலக்கடலையைத் தொடங்கித் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைவாக இருந்தது. தந்தையின் ஆஸ்துமா தள்ளிப்போடக் காரணம் ஆகாது. குழந்தைக்குக் கடுமையான தோல் அரிப்பு நோய் இருந்தாலோ, ஏதேனும் உணவுக்கு ஏற்கெனவே ஒவ்வாமை வந்திருந்தாலோ மட்டும், நிலக்கடலையைத் தொடங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஆகவே குழந்தை நலமாக இருக்கும் ஒரு நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும் காலை வேளையில், நன்றாக வெந்த முட்டையில் கால் தேக்கரண்டி கொடுத்துப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அளவைக் கூட்டுங்கள். ஓரிரு நாட்கள் இடைவெளியில் முள் நீக்கிய மீன். அதன் பிறகு, நைசாகப் பொடித்து உணவில் கலந்த நிலக்கடலை. ஒத்துக்கொண்டவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது தொடர வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் என்பதால் அவை வேண்டாம். சாப்பிட்டதும் உடல் முழுவதும் தடிப்பு, முகவீக்கம், தொடர் வாந்தி, மூச்சிரைப்பு, துவண்டுபோதல் ஆகியவை வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு எடுத்துச் செல்லுங்கள். வாயைச் சுற்றி லேசான சிவப்பு மட்டும் என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

உங்கள் வீட்டில் எப்படி மாற்றுவது

ஃப்ளாஸ்க்கை விட்டுவிடுங்கள். சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சில மணி நேரம் கழிந்த ஃப்ளாஸ்க்கில் இருப்பது அந்தச் சூடுதான். குழந்தைக்கென்று தனியாகச் சமைக்கும் வேலையை நிறுத்திவிட்டால் இந்தச் சிக்கலும் பெருமளவு தீர்ந்துவிடும். மதியம் மாமியார் தமக்காகச் சமைப்பதிலிருந்தே அவளுக்கும் எடுக்கலாம். காலையில் சமைத்ததைத்தான் தர வேண்டியிருந்தால், வேளைக்கு ஒன்றாகச் சிறு பாத்திரங்களில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, கொடுக்கும்போது ஆவி பறக்கச் சூடாக்கி ஆற வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் எச்சில் பட்டு மிஞ்சியதை எடுத்து வைக்க வேண்டாம்.

சமைக்கும் வரிசையில் ஒரு சிறு மாற்றம் போதும். காயும் பருப்பும் இறைச்சியும் வெந்த பிறகு, உப்பும் மிளகாயும் சேர்ப்பதற்கு முன்பு, அவள் பங்கை எடுத்துவிடுங்கள். முதல் சில நாட்கள் முள்கரண்டியால் நன்றாக மசியுங்கள். அடுத்து சிறு சிறு கட்டிகள் தெரியும்படி பிசையுங்கள். அதோடு அவளே கையில் பிடிக்க, வெந்த காய்த் துண்டோ பழுத்த வாழைப்பழமோ தட்டில் இருக்கட்டும். நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை, ஒவ்வொரு முறையும் அரைக் கிண்ணம் என்பது தொடக்கத்துக்கான கணக்கு. எவ்வளவு உண்பது என்பதை அவள் முடிவு செய்யட்டும். பசியோடு இருக்கும் நேரத்தில் புதியதைக் கொடுங்கள். முதல் முறை துப்பினால் பிடிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பத்துப் பதினைந்து முறை சுவைத்த பிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் ஏராளம். தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

கைபேசி வேண்டாம் என்பதை நீங்களே உணர்ந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. திரையைப் பார்த்து விழுங்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததை உணரும் திறன் மழுங்குகிறது. வாயை மூடுவதும் தலையைத் திருப்புவதும் போதும் என்று சொல்லும் வழி. அதற்கு மதிப்பளித்து நிறுத்திவிட்டால் அடுத்த வேளைக்கு நம்பிக்கையோடு வருவாள். ஓரிரு நாட்கள் குறைவாகச் சாப்பிடக்கூடும்; பதற வேண்டாம். மாலை உணவை மட்டுமாவது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெரியவர்கள் மெல்வதைப் பார்த்துத்தான் அவள் மெல்லக் கற்றுக்கொள்வாள். உடையும் தரையும் அழுக்காவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மலத்தில் செரிக்காத காய்த் துணுக்குகள் தெரிந்தாலும் கவலை வேண்டாம்.

ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்குச் செல்லும்போது, இதுவரை இரும்புச்சத்து குறைவான உணவே கொடுத்ததைச் சொல்லி, ரத்தப் பரிசோதனையோ இரும்புச் சொட்டு மருந்தோ தேவையா என்று கேளுங்கள். ஒவ்வொரு வேளையும் இருமலோ மூச்சிரைப்போ வந்தாலும், எடை குறைந்தாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், ஒரு மாதம் பொறுமையாக முயன்ற பிறகும் கட்டியான எதையுமே வாயில் வாங்க மறுத்தாலும், அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காமல் முன்பே காட்டுங்கள்.